சட்டாம்பிள்ளைகளின் ராஜ்ஜியம்: பழைய இங்கிலாந்து விடுதிப் பள்ளிகள் எப்படி நடந்தன?

பிரிட்டனில் 2025 ஜனவரி 1 முதல் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20 சதவீத மதிப்புக் கூட்டு வரி வந்துவிட்டது. அந்தச் செய்தியை இங்கிருந்து படிப்பவர்களுக்கு இரண்டு குழப்பங்கள். இந்தத் தனியார் பள்ளிகளில் சிலவற்றைத்தான் 'பப்ளிக் ஸ்கூல்' என்கிறார்கள். அவற்றில் ஒன்றான ஈட்டனில் ஆண்டுக் கட்டணம் 60,000 பவுண்டைத் தாண்டுகிறது. அப்புறம் அதில் என்ன பப்ளிக்? இன்னொன்று: இவ்வளவு பணம் வாங்கும் பள்ளிகள் சட்டத்தின் கண்ணில் அறக்கட்டளைகளாக இருப்பது எப்படி?

இதோடு மூன்றாவதாக ஒரு கேள்வியும் சேர்கிறது. அந்தப் பள்ளிகளில் படித்த பெரிய மனிதர்கள் எழுதிய நினைவுகளைப் பார்த்தால் அடி, பசி, குளிர், எடுபிடி வேலை என்று ஒரே புலம்பலாக இருக்கிறது. காசு கொடுத்து யாராவது பிள்ளையை இப்படி ஓர் இடத்தில் விடுவார்களா?

விட்டார்கள், தலைமுறை தலைமுறையாக விட்டார்கள். கெட்ட வாத்தியார் ஒருவர் வந்து சேர்ந்ததால் அந்தக் கொடுமை நடந்தது என்று நினைப்பது எளிது. ஆனால் கணக்கைப் பார்த்தால் வேறு கதை தெரிகிறது. பையன்களைப் பையன்களே ஆண்டுகொள்ளட்டும் என்று விட்டுவிட்டால் மிகக் குறைந்த ஆட்களை வைத்துப் பெரிய பள்ளி நடத்தலாம். அதைத்தான் செய்தார்கள். ஏறத்தாழ 1790 முதல் 1870 வரையிலான காலத்தை எடுத்துக்கொண்டு, அடியிலிருந்து பார்ப்போம்.

'பப்ளிக்' என்றால் யாருக்குப் பொது?

வின்செஸ்டர் பள்ளியை 1382ல் வில்லியம் ஆஃப் விக்கம் என்ற பிஷப் நிறுவினார். ஈட்டனை 1440ல் ஆறாம் ஹென்றி மன்னர் நிறுவினார். இரண்டிலும் ஏற்பாடு ஒன்றுதான்: 70 ஏழைப் பையன்களுக்குத் தங்க இடம், சாப்பாடு, படிப்பு எல்லாம் இலவசம். அறக்கட்டளை என்ற அந்தஸ்து அங்கிருந்து வருகிறது.

'பப்ளிக்' என்ற சொல்லுக்கு அரசுப் பள்ளி என்ற பொருள் இங்கிலாந்தில் என்றுமே இருந்ததில்லை. அந்தக் காலத்தில் ஒரு வாத்தியார் தன் வீட்டிலேயே லாபத்துக்குப் பள்ளி நடத்துவார், அது 'பிரைவேட்'. ஒரு நிறுவனமாக இருந்து, எந்த ஊர்ப் பையனையும் சேர்த்துக்கொள்வது 'பப்ளிக்'. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஏழைகளின் பள்ளி பணக்காரர்கள் கைக்குப் போனது விதிமுறையில் இருந்த ஒரு சின்னச் சந்து வழியாக. வின்செஸ்டரின் பழைய விதி, இலவச மாணவர்களோடு பிரபுக்களின் பிள்ளைகள் 10 பேர் வரை பணம் கட்டிப் படிக்கலாம் என்றது. சந்து நாளாக நாளாக வாசலானது. 19ஆம் நூற்றாண்டு ஈட்டனில் இலவச மாணவர்கள் அதே 70 பேர். பணம் கட்டிப் படித்தவர்களோ பல நூறு பேர். ஹாரோ பள்ளி 1572ல் ஜான் லயன் என்ற விவசாயி உள்ளூர்ப் பிள்ளைகளுக்காக வைத்தது. அங்கேயும் வெளியூர்ப் பணக்காரப் பையன்கள் நிறைந்தார்கள். கடைசியில் 1876ல் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு சின்னப் பள்ளியைக் கட்டிக் கொடுத்து அங்கே அனுப்பிவிட்டார்கள்.

ஆசிரியர் எத்தனை, பையன்கள் எத்தனை?

1830களின் தொடக்கத்தில் ஈட்டனில் 500க்கும் மேற்பட்ட பையன்கள். ஆசிரியர்கள் பத்துப் பேருக்கு மேல் இல்லை. 1809 முதல் 1834 வரை தலைமை ஆசிரியராக இருந்த ஜான் கீட், ஒரே கூடத்தில் 200 பேர் வரை உட்கார வைத்துப் பாடம் நடத்தியிருக்கிறார். ஆள் ஐந்தடி உயரம்தான். அந்தக் கூட்டத்தை அடக்க அவரிடம் இருந்த ஒரே கருவி பிர்ச் மரக் குச்சிகளைக் கட்டிய விளாறு. பையன் ஒரு மரப்படியில் மண்டியிட வேண்டும். அடி வெறும் சதையில் விழும். 1832ல் ஒரே இரவில் 80க்கும் மேற்பட்டவர்களை அவர் அடித்தது ஈட்டனில் இன்றும் சொல்லப்படும் கதை.

பகலுக்கு விளாறாவது இருந்தது. இரவுக்கு யாருமே இல்லை. ஈட்டனின் இலவச மாணவர்கள் 'லாங் சேம்பர்' என்ற நீண்ட மாடியறையில் 50 பேருக்கு மேல் ஒன்றாகப் படுத்தார்கள். இரவு 8 மணிக்கு வெளியிலிருந்து பூட்டுவார்கள்; மறுநாள் காலையில்தான் திறப்பார்கள். இடையில் உள்ளே என்ன நடந்தது என்று பார்க்கப் பெரியவர் எவரும் கிடையாது. எலிகள் இருந்தன. பெரிய பையன்கள் இருந்தார்கள். எட்டு, ஒன்பது வயதுப் பையன் எதற்கு அதிகம் பயந்திருப்பான் என்று சொல்லத் தேவையில்லை. 1840களில் தனி அறைகளோடு புதுக் கட்டடம் வந்த பிறகுதான் இது மாறியது.

ஃபேகிங்: எடுபிடி வேலைக்கு ஒரு சட்டம்

ஆள் இல்லாத அந்த இடத்தை நிரப்பியது 'ஃபேகிங்' என்ற வழக்கம். சின்ன வகுப்புப் பையன், அதாவது 'ஃபேக்', ஒரு பெரிய வகுப்புப் பையனுக்கு எடுபிடி. இன்றைய ராகிங் மாதிரி ஒளிந்து மறைந்து நடந்த விஷயம் இல்லை இது. பள்ளி ஒப்புக்கொண்ட ஏற்பாடு. வேலைகள் ஏறத்தாழ இவை:

1. விடிவதற்கு முன் எழுந்து அடுப்பு மூட்டுவது, முகம் கழுவத் தண்ணீர் கொண்டுவருவது, எஜமானனை எழுப்புவது.
2. ரொட்டி வாட்டுவது, தேநீர் போடுவது, பூட்ஸ் துடைப்பது.
3. கடைக்கு ஓடுவது, சீட்டு கொண்டுபோய்க் கொடுப்பது.
4. பெரியவர்கள் கிரிக்கெட் ஆடும்போது மணிக்கணக்கில் பந்து பொறுக்குவது. மட்டை மட்டும் கைக்கு வராது.

ஈட்டனில் ஒரு பெரிய பையன் வராந்தாவில் நின்று 'பாய்!' (பையா!) என்று கத்துவான். காதில் விழுந்த சின்னப் பையன்கள் எல்லோரும் ஓட வேண்டும். கடைசியாக வந்து சேர்ந்தவன் தலையில் வேலை விழும். வின்செஸ்டரில் சூடான பாத்திரத்தைப் பிடிக்கச் சின்னக் கைகளைப் பழக்க ஒரு முறை வைத்திருந்தார்கள். எரிந்துகொண்டிருக்கும் கொள்ளிக்கட்டையைப் புறங்கையில் இழுப்பது. காய்த்துப்போனால் சுடாதாம். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'தகரக் கையுறை'.

பதிலுக்கு அந்தப் பெரிய பையன் தன் ஃபேக்கை மற்றவர்களிடமிருந்து காப்பாற்ற வேண்டும், பாடத்திலும் உதவ வேண்டும் என்பது எழுதாத ஒப்பந்தம். சில இடங்களில் அது உண்மையாகவே நடந்தது. நடக்காத இடங்களும் உண்டு. வின்செஸ்டரில் ஒவ்வொரு சின்னப் பையனையும் ஒரு பெரிய மாணவனிடம் ஒப்படைப்பார்கள். பின்னாளில் நாவலாசிரியரான ஆன்டனி ட்ரொலோப்பை அப்படி ஒப்படைத்தது அவர் சொந்த அண்ணனிடம். அண்ணன் தினமும் உடற்பயிற்சி போலத் தடியால் அடித்தார் என்று தம்பி சுயசரிதையில் எழுதிவைத்திருக்கிறார். அதே அண்ணனும் தம்பியும் பெரியவர்களானபின் நெருங்கிய நண்பர்கள். இந்த முறை எவ்வளவு ஆழமாக ஊறியிருந்தது என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல சாட்சி இல்லை. அடித்தவர் கெட்டவர் இல்லை; அடிப்பது அவர் பொறுப்பு.

எல்லோரும் பணிந்தார்கள் என்றும் இல்லை. கவிஞர் ஷெல்லி ஈட்டனில் ஃபேக் வேலை செய்ய மறுத்தார். அதனால் கூட்டமாகத் துரத்திச் சீண்டினார்கள். அதற்கு 'ஷெல்லி வேட்டை' என்று பெயரும் வைத்தார்கள்.

பசிக்கும் ஒரு கணக்கு உண்டு

கட்டணம் இவ்வளவு வாங்கிக்கொண்டு பிள்ளைகளை ஏன் பட்டினி போட்டார்கள்? விடுதிகளை, அதாவது 'ஹவுஸ்'களை, பள்ளி நேரடியாக நடத்தவில்லை. ஆசிரியரோ, 'டேம்' எனப்பட்ட அம்மாவோ தன் பொறுப்பில் நடத்தினார்கள். பெற்றோர் கட்டும் தங்குமிடப் பணத்தில் செலவு போக மிஞ்சியது அவர்களுக்கு. ஆசிரியர் சம்பளம் குறைவு. உண்மையான வருமானம் ஹவுஸிலிருந்து. அப்படியானால் தட்டில் ஒரு துண்டு இறைச்சி குறைந்தால் லாபம் யாருக்கு?

இதனால்தான் அந்தப் பள்ளி நினைவுகளில் தின்பண்டத்துக்கு அவ்வளவு பெரிய இடம். வீட்டிலிருந்து கொண்டுவந்த பூட்டுப்போட்ட மரப்பெட்டி, கேக், ஜாம், பள்ளிக்கு வெளியே கடன் சொல்லித் தின்னும் கடை. கைச்செலவுக்குக் காசு இருக்கிற பையனுக்கும் இல்லாத பையனுக்கும் நடுவே இருந்த கோடு வகுப்பறையைவிட அந்தக் கடை வாசலில்தான் பளிச்சென்று தெரிந்தது. இலவச மாணவர்கள் பாடு இன்னும் மோசம். ஈட்டனில் அவர்களுக்கு நாள் தவறாமல் ஆட்டிறைச்சி. கேட்க நன்றாக இருக்கிறது. வருஷம் முழுக்க அதே இறைச்சி, அதிலும் பெரியவர்கள் எடுத்துக்கொண்ட மிச்சம்.

என்னதான் படித்தார்கள்?

லத்தீனும் கிரேக்கமும். காலையில் லத்தீன் இலக்கணம், பிறகு ஒரு கவிஞரின் வரிகளைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பொருள் சொல்வது, அப்புறம் லத்தீனில் செய்யுள் கட்டுவது. இலக்கண நூலே லத்தீனில்தான் இருந்தது. பொருள் தெரிகிறதோ இல்லையோ, நெட்டுருப் போட வேண்டும். ஈட்டனில் கணிதம் கட்டாயப் பாடமானதே 1851ல்தான்.

ஷ்ரூஸ்பரி பள்ளியில் 1818 முதல் 1825 வரை விடுதியில் இருந்த ஒரு பையன், ஒரு மைல் தொலைவில் இருந்த வீட்டுக்கு ஓடிப்போய் அண்ணனோடு தோட்டக் கொட்டகையில் வேதியியல் சோதனை செய்துவிட்டு, கதவு பூட்டுவதற்குள் மூச்சிரைக்க ஓடி வருவான். 'கேஸ்' (வாயு) என்று பட்டப்பெயர் வைத்தார்கள். உதவாத விஷயங்களில் நேரத்தை வீணாக்குகிறான் என்று தலைமை ஆசிரியர் சாமுவேல் பட்லர் எல்லோர் முன்னாலும் கண்டித்தார். பையன் பெயர் சார்லஸ் டார்வின். தன் படிப்புக்கு அந்தப் பள்ளி வெறும் சூன்யம் என்று பிற்காலத்தில் எழுதினார்.

பையன்களின் கலகம்

அதிகாரம் பையன்கள் கையில் இருந்தது என்பதற்கு மிகத் தெளிவான சான்று, ஆசிரியர்கள் அதில் கை வைத்தபோது நடந்தவை.

ரக்பி பள்ளி, 1797 நவம்பர். ஒரு பையன் துப்பாக்கி மருந்து வாங்கியதாகத் தலைமை ஆசிரியர் ஹென்றி இங்கிள்ஸுக்குத் தெரியவருகிறது. யாரிடம் வாங்கினாய்? ஊர் மளிகைக்காரரிடம். மளிகைக்காரரோ நான் விற்கவே இல்லை என்று சாதிக்கிறார். பொய் சொன்னதாகப் பையனுக்கு அடி விழுகிறது. கூட்டாளிகள் போய்க் கடைக் கண்ணாடிகளை உடைக்கிறார்கள். நஷ்டத்தை நீங்களே கட்டுங்கள் என்கிறார் இங்கிள்ஸ். அடுத்து நடந்ததைப் படித்தால் ஏதோ சிப்பாய்க் கலகம் மாதிரி இருக்கும். வெடி வைத்துத் தலைமை ஆசிரியரின் வகுப்பறைக் கதவைப் பெயர்த்தார்கள். மேசை, பெஞ்சு, புத்தகம் எல்லாவற்றையும் மைதானத்தில் குவித்துக் கொளுத்தினார்கள். அப்போது ஊரில் இருந்த படைவீரர்களை வரவழைத்தார்கள். பையன்கள் அகழி சூழ்ந்த ஒரு மேட்டில் ஏறிக்கொண்டார்கள். முன்னால் ஒருவர், கூட்டத்தைக் கலைந்துபோகச் சொல்லும் கலகத் தடைச் சட்டத்தைப் படித்துக்கொண்டிருக்க, வீரர்கள் பின்பக்கமாகத் தண்ணீரில் இறங்கிப் போய்ப் பிடித்தார்கள். தலைவர்களாக நின்றவர்களுக்குப் பள்ளியை விட்டு நீக்கம், மற்றவர்களுக்கு விளாறு.

வின்செஸ்டரில் 1793ல் கலகம், 1818ல் மறுபடி கலகம். இரண்டாவது முறை துப்பாக்கிச் சனியனோடு சிப்பாய்கள் வந்தார்கள். இவற்றில் பெரும்பாலானவை 'எங்களை அடிக்காதே' என்று கேட்ட கலகங்கள் இல்லை. தங்கள் பழைய உரிமையில் தலையிடாதே என்று கேட்டவை.

1825ல் ஈட்டனில் இரண்டு பையன்கள் சண்டைபோட்டு, மணிக்கணக்கில் நீண்டு, ஒருவன் இறந்தான். ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவின் மகன். இடையிடையே தெம்புக்குப் பிராந்தி ஊற்றியிருக்கிறார்கள். பெரியவர் யாரும் குறுக்கே வரவில்லை.

ஆர்னால்ட் எதை மாற்றினார்?

தாமஸ் ஆர்னால்ட் 1828 முதல் 1842ல் இறக்கும்வரை ரக்பியின் தலைமை ஆசிரியர். இந்தப் பள்ளிகளைச் சீர்திருத்தியவர் என்று அவரைச் சொல்வது வழக்கம். அவர் ஃபேகிங்கை ஒழித்தார் என்று பலர் நினைக்கிறார்கள், தவறு. அதை வெளிப்படையாக ஆதரித்தார். அவர் செய்தது, ஏற்கெனவே ஆண்டுகொண்டிருந்த பெரிய பையன்களுக்குப் பட்டம் கட்டியது. 'ஆறாம் படிவம்' எனப்பட்ட கடைசி வகுப்பு மாணவர்களைத் தன் ஆட்களாக ஆக்கிக்கொண்டு, ஒழுங்குக்கு நீங்கள் பொறுப்பு என்றார். ஞாயிறுதோறும் பள்ளி ஆலயத்தில் அவரே பிரசங்கம் செய்தார். முரட்டு ஆட்சி ஒழுக்கத்தின் பெயரால் நடக்கும் ஆட்சியானது. ஆள்பவர்கள் அதே பையன்கள்.

அதன் எல்லை எங்கே என்று 1853ல் ஹாரோவில் தெரிந்தது. கால்பந்து ஆட்டத்தில் ஒரு வாய்த்தகராறு. அதற்காக ஒரு மானிட்டர், அதாவது ஒழுங்குக்குப் பொறுப்பான பெரிய மாணவன், இளைய மாணவன் ஒருவனின் தோளில் பிரம்பால் 31 அடி கொடுத்தான். விஷயம் பத்திரிகைக்குப் போனது. தலைமை ஆசிரியர் வாகன், ஹாரோவின் பழைய மாணவரும் அப்போதைய உள்துறை அமைச்சருமான பாமர்ஸ்டனுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் அச்சிட்டு வெளியிட்டார். மானிட்டர் முறை வேண்டும் என்பதுதான் கடிதத்தின் சாரம்.

நடுவே எழும்பூர்

நம் திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை உண்டு. வாத்தியார் இல்லாதபோது மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவன், சின்னவர்களுக்குப் பாடம் சொல்பவன். அந்தப் பழக்கத்தோடு தொடர்புடைய ஒன்று சென்னையிலிருந்து இங்கிலாந்துக்குப் போயிருக்கிறது.

ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1789ல் எழும்பூரில் பிரிட்டிஷ் படைவீரர்களின் பிள்ளைகளுக்கான ஆண்கள் அநாதை விடுதிக்குப் பொறுப்பேற்றார். ஒரு நாள் உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுத்துப் பழகுவதைப் பார்த்தார். தன் விடுதியிலும் அப்படிச் செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. சரி என்று எட்டு வயதுப் பையன் ஒருவனையே சின்னவர்களுக்குச் சொல்லித்தர வைத்தார். ஊர் திரும்பி 1797ல் அதைப் புத்தகமாக எழுதினார். 'மெட்ராஸ் சிஸ்டம்' என்ற பெயரில் இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் அது பரவியது.

பிரபுக்களின் பள்ளி ஒன்றும் இதை முயன்றது: லண்டனின் சார்ட்டர்ஹவுஸ். ஜான் ரஸ்ஸல் என்ற தலைமை ஆசிரியர், பையன்களே பையன்களுக்குப் பாடம் நடத்த ஏற்பாடு செய்தார். ஆசிரியர் செலவு குறைந்தது, மாணவர் எண்ணிக்கை 1825ல் 480 வரை போனது. பிறகு சீக்கிரமே மளமளவென்று சரிந்தது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது: பெல்லின் சட்டாம்பிள்ளை பாடம் சொல்பவன், ரக்பியின் பிரிஃபெக்ட், அதாவது ஆர்னால்ட் பட்டம் கட்டிய பெரிய பையன், தண்டனை கொடுப்பவன். பிள்ளைக்குச் சக மாணவன் பாடம் சொல்வதைப் பணக்காரப் பெற்றோர் பொறுக்கவில்லை. சக மாணவன் அடிப்பதைப் பொறுத்துக்கொண்டார்கள். வேடிக்கைதான்.

ரயிலும் பேரரசும்

புகார்கள் பெருகியதும் 1861ல் கிளாரண்டன் பிரபு தலைமையில் ஓர் ஆணையம் 9 பள்ளிகளை ஆராய்ந்து 1864ல் அறிக்கை கொடுத்தது: ஈட்டன், வின்செஸ்டர், வெஸ்ட்மின்ஸ்டர், சார்ட்டர்ஹவுஸ், ஹாரோ, ரக்பி, ஷ்ரூஸ்பரி, இவற்றோடு செயின்ட் பால்ஸ், மெர்ச்சன்ட் டெய்லர்ஸ். 1868ல் முதல் ஏழுக்கும் பப்ளிக் ஸ்கூல்ஸ் சட்டம் வந்தது. நிர்வாகக் குழுக்கள் மாறின, விஞ்ஞானமும் கணிதமும் வலுப்பட்டன. பையன்களின் ஆட்சியில் யாரும் கை வைக்கவில்லை.

இதற்குள் ரயில் வந்துவிட்டது. செல்ட்டனம் 1841, மார்ல்பரோ 1843, ராசல் 1844 என்று புதுப் பள்ளிகள் முளைத்தன. அவற்றுக்குப் பிள்ளைகள் வந்த வழிகளில் ஒன்று இந்தியா. இங்கே வேலை பார்த்த வெள்ளைக்கார அதிகாரிகள், வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் பயந்தும், பிள்ளை இந்த ஊர்ப் பேச்சைப் பேசிவிடுமோ என்று பயந்தும், ஐந்தாறு வயதிலேயே கப்பலேற்றிவிடுவார்கள். பல வருஷம் அப்பா அம்மா முகம் பார்க்காமல் வளர்ந்த பையன், பள்ளி முடிந்ததும் அதிகாரியாகத் திரும்பி இங்கேயே வருவான். பதினான்கு வயதுவரை கட்டளைக்கு ஓடி, பதினேழில் கட்டளை போட்டுப் பழகியவனுக்கு ஒரு மாவட்டத்தை ஆள்வது புது வேலையாகத் தெரியாது.

அதே கட்டடங்களுக்குள் இந்தியப் பையன்களும் போனார்கள். ஜவாஹர்லால் நேரு 1905ல், 15 வயதில், ஹாரோவில் சேர்ந்தார். முதல் நாட்களில் தனிமை வாட்டியது. புது மந்திரிசபை பற்றி ஆசிரியர் வகுப்பில் கேட்டபோது, ஏறக்குறைய எல்லா அமைச்சர்கள் பெயரையும் சொன்னவர் அவர் ஒருவர்தான். மற்ற பையன்கள் விளையாட்டைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை என்பது அவர் வருத்தம். 1907ல் அங்கிருந்து கேம்பிரிட்ஜ் போனார். டேராடூனில் 1935ல் டூன் ஸ்கூல் தொடங்கியபோது முதல் தலைமை ஆசிரியராக வந்தவர் ஈட்டனில் பாடம் நடத்திய ஆர்தர் ஃபுட். நம் ஊர் மெட்ரிக் பள்ளிகளில் ரெட் ஹவுஸ், ப்ளூ ஹவுஸ் என்று பிரித்துச் சட்டையில் பேட்ஜ் குத்தும் வழக்கமும் இந்த வழியில் வந்ததுதான். எடுபிடி வேலை மட்டும் வராமல் போனது.

பிரம்பு போன விதம்

ஃபேகிங் 20ஆம் நூற்றாண்டில் மெல்ல மெல்லத் தேய்ந்தது. ஈட்டனில் 1980 வாக்கில்தான் முழுதாக நின்றது. பிரம்புக்குச் சட்டம் தேவைப்பட்டது. 1986 ஜூலையில் பிரிட்டிஷ் மக்களவையில் 231க்கு 230 என்று ஒரே ஓட்டு வித்தியாசத்தில் பள்ளிகளில் உடல் தண்டனைக்குத் தடை நிறைவேறியது. 1987ல் நடைமுறைக்கு வந்த அந்தத் தடை அரசுப் பணத்தில் படிக்கும் மாணவர்களுக்கு மட்டும். தனியார் பள்ளியில் பெற்றோர் பணம் கட்டிப் படிக்கும் பிள்ளைகளுக்கு அது பொருந்தாது. இங்கிலாந்தில் அவர்களுக்கும் தடை வந்தது 1999ல். இடைப்பட்ட 12 ஆண்டுகளில் ஒரே விடுதியில், பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்த இரண்டு பையன்களில், அரசு உதவியில் படித்தவன் மேல் பிரம்பு படக் கூடாது; அப்பா முழுக் கட்டணம் கட்டியவன் மேல் படலாம்.